பலாமரக் கிட்டார் ஏலத்துக்கு வருகிறது: எல்லாரும் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு கிட்டார் உருவாகிறது என்று யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப் புலனத்தில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கோப்பிக் கடையில் நிம்மதியாக ஒரு தே குடிக்க முடியவில்லை. ஒரே பதிலைத் தனித்தனியாகத் தட்டி விரல் நோகிறது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். இனி யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்புவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில், என்னதான் செய்கிறீர்கள் அண்ணே?

ஒரே ஒரு கிட்டார். கம்பி நரம்பு போட்ட, மின்சாரம் வேண்டாத சாதாரண கிட்டார். முதுகும் பக்கவாட்டும் பழைய தோட்டத்தில் விழுந்த ஒரு பலாமரத்திலிருந்து எடுத்தவை. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு மண்டபத்தில் ஏலம் விடுகிறோம். வருகிற பணம் முழுதும் டயாலிசிஸ் போகிறவர்களை ஏற்றி இறக்கும் வேனுக்கு.

வேன் எதற்கு? சிகிச்சைக்கே உதவி கிடைக்கிறதே?

சிகிச்சைக்குச் சிலருக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வழியாகவோ வேறு வழியாகவோ உதவி கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் டயாலிசிஸ் நிலையம் வரைக்கும் ஆள் போய்ச் சேர வேண்டுமே. வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தில் படுக்க வேண்டும். மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 13 தடவை போக, 13 தடவை வர. உள்ளே செம்பனைக் காட்டுக்குள் இன்னும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறவர்களுக்குப் பேருந்து கிடையாது. மகன் வேலைக்கு லீவு போட்டு மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் காரை வாடகைக்குக் கேட்க வேண்டும். போகும்போதாவது பரவாயில்லை, இயந்திரத்திலிருந்து எழுந்து வரும்போது சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நிலையில் மோட்டாரின் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்த என் சின்னம்மாவை நான் பார்த்திருக்கிறேன். மகன் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பின்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சரி, அதற்கு ஏன் கிட்டார்? உண்டியல் ஏந்தினால் போதாதா?

ஏந்தலாம். ஆனால் வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, காவல்துறையிடம் அனுமதி எடுக்க வேண்டும், சும்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நம் ஊரில் அதே ஐம்பது பேர்தான் கோவிலுக்கும் கொடுக்கிறார்கள், பள்ளிக்கும் கொடுக்கிறார்கள், யார் வீட்டிலாவது சாவு என்றாலும் கொடுக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது மரவேலை. பர்னிச்சர் ஆலையில் இருபத்தேழு வருடம் இருந்தேன். கிட்டார் பழுது பார்ப்பது அதற்குள் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் காசு கொடுக்கிறவர் கையில் பதிலுக்கு ஒரு பொருள் இருக்கட்டும் என்று யோசித்தேன். அதுவும் நல்ல பொருளாக.

லக்கி டிரா வைத்தால் நிறையப் பேர் சேருவார்களே?

இதைக் கேட்காத ஆளே இல்லை. சீட்டு விற்றுக் குலுக்கிப் பரிசு கொடுப்பது லாட்டரிக் கணக்கில் வரும், 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தின்படி அதற்கும் அனுமதி வேண்டும். அதைவிட முக்கியமாக, வேனில் வரப்போகிறவர்களில் மலாய்க்காரப் பாக்சிக் (பெரியவர்) ஒருவரும் இருக்கிறார். சூதாட்டம் மாதிரி இருக்கிற ஒன்றில் அவர் குடும்பம் எப்படிக் கலந்துகொள்ளும்? ஏலம் என்றால் யாருக்கும் சங்கடம் இல்லை. நமக்கும் ஏலம் புதிதா என்ன? திருவிழாவில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரம் வெள்ளிக்குப் போவதைப் பார்த்தவர்கள்தானே நாம்.

ஆனால் ஒன்று. எலுமிச்சம்பழம் சாமி காலடியில் இருந்ததால் அந்த விலைக்குப் போகிறது, அதை யாரும் சுருதி பார்ப்பதில்லை. கிட்டாரைப் பார்ப்பார்கள்.

பலாமரத்தில் கிட்டாரா? கேள்விப்பட்டதே இல்லையே.

வீணை எதில் செய்கிறார்கள்? தஞ்சாவூர் வீணை பலாமரம்தான். ஒரே துண்டு மரத்தில் குடைந்து எடுத்தால் ஏகாந்த வீணை என்று தனிப்பெயரே உண்டு. மிருதங்கத்தின் கட்டையும் பலாதான். இங்கே மலாய்க்காரர்களின் கம்பூஸ் என்ற நரம்பு வாத்தியம் இருக்கிறதே, அதையும் நங்கா, அதாவது பலா மரத்தில்தான் குடைகிறார்கள். பிலிப்பைன்சில் செபு பக்கம் கிட்டார்காரர்கள் முதுகுக்கும் பக்கத்துக்கும் பலாவை ரொம்பக் காலமாகப் போடுகிறார்கள். ஆக நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நமக்குத்தான் பலா என்றால் சுளையும் கொட்டையும் மட்டும் நினைவுக்கு வருகிறது.

இந்த மரம் பழைய கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுக்குப் பின்னால் நின்றது. லயத்தை இடித்தபோது அதையும் சாய்த்துவிட்டார்கள். எரித்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நிர்வாகத்திடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டு, அடிமரத்தில் நாலரை அடி எடுத்து வந்தேன். வெட்டுமுகம் இரண்டிலும் அன்றே பழைய பெயின்ட் அடித்தேன், இல்லையென்றால் நுனி வழியாக ஈரம் வேகமாகப் போய்க் கட்டை பிளந்துவிடும். பலகை ஆலையில் அறுத்து, நடுவில் குச்சி வைத்து அடுக்கி, கொட்டகையில் நாலு வருடம் கிடந்தது. காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நான் அதைவிட அதிகமாகவே விட்டேன், அவசரம் இல்லை என்பதால் அல்ல, வீட்டில் வேறு வேலைகள் இருந்ததால்.

அறுத்த அன்று அது மஞ்சள் கிழங்கு நிறம். தூள் சட்டையில் பட்டால் போகாது. தாய்லாந்து, பர்மா பக்கம் பிக்குகளின் உடைக்கு இந்த மரத்தைக் கொதிக்க வைத்துத்தான் சாயம் எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் படப் பட அது தேன் நிறத்துக்கு வந்து அப்புறம் பழுப்பாகும். ஏலத்தில் எடுக்கிறவர் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் வேறு நிறத்தில் இருக்கும், சாயம் போய்விட்டது என்று என்னைத் தேடி வர வேண்டாம்.

தோட்டத்து ஞாபகம் என்றால் பால்மரம், அதாவது ரப்பர் மரம்தானே பொருத்தம்?

நியாயமான கேள்வி, அதுவும் கோலா கங்சார் நமக்குப் பக்கத்தில் இருக்கும்போது. 1877இல் கொண்டுவந்து நட்ட மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஆனால் பால்மரக் கட்டையோடு இருபத்தேழு வருடம் மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், அதன் குணம் வேறு. வெட்டி நாலைந்து நாள் சும்மா போட்டால் பூஞ்சை ஏறி நீலக்கறை விழுந்துவிடும், துளைக்கும் பூச்சி தேடி வரும். வெட்டிய கையோடு போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காய வைத்தால்தான் மேசை நாற்காலிக்கு ஆகும். 25, 30 வருடம் பால் கொடுத்த மரம் அப்புறம் நாற்காலியாவதே பெரிய விஷயம்.

ஆனாலும் அதை விட்டுவிட மனமில்லை. பக்கப்பலகையும் முகப்பலகையும் சேரும் மூலையில் உள்ளே ஒரு பட்டை ஓடும், அரை அங்குலம் கூட இருக்காது, வளைவதற்காகப் பல் பல்லாக அறுத்திருப்போம். ஒட்டுவதற்கு இடம் கொடுப்பது அதுதான். அந்தப் பட்டை முழுக்கப் பால்மரம். துவாரத்தில் டார்ச் அடித்தால் தெரியும்.

அப்போது முழுக்க உள்ளூர் மரம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. முகப்பலகை சிட்கா ஸ்புரூஸ், அலாஸ்கா, கனடா கடற்கரைப் பக்கம் வளர்வது, காசு கொடுத்து வரவழைத்தது. நரம்பின் அதிர்வை வாங்கிக் காற்றை அசைப்பது முகப்பலகைதான், அதற்குக் கனம் குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் இருக்கிற மரம் வேண்டும். குளிர்நாட்டு மரம் மெதுவாக வளர்வதால் வருட வளையம் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக விழுகிறது. நம் காட்டில் அந்த மாதிரிக் கிடைப்பது கஷ்டம். 'எல்லாம் நம்ம மண்' என்று பேனரில் போட ஒரு தம்பி ஆசைப்பட்டான், வேண்டாம் என்றேன். பேனரில் பொய் எழுதி நல்ல காரியம் செய்ய வேண்டியதில்லை.

கழுத்து ஞாத்தோ மரம். விரல்பலகை மெர்பாவ் மரம், ஒரு பழைய கதவு நிலையிலிருந்து எடுத்தது. கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஒன்று ஓடுகிறது, திருகினால் கழுத்தின் வளைவைச் சரிசெய்யலாம். ஆறு நரம்பும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும், ஓர் ஆள் இரவு பகலாகத் தொங்குவது மாதிரி. வெறும் மரம் எவ்வளவு நாள் தாங்கும்?

பக்கப்பலகையை எப்படி அப்படி வளைக்கிறீர்கள்? வெட்டி ஒட்டுவதா?

வளைப்பதுதான். 2 மி.மீ. கனத்துக்கு இழைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, உள்ளே நெருப்பு வைத்த இரும்புக் குழாய்மேல் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். (துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை எடுக்காதீர்கள், சூட்டில் வருகிற புகை கெடுதல்.) ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் குழாய்மேல் உருண்டு ஓட வேண்டும், அதுதான் பதம். சூடு மரத்துக்குள் இறங்கும் வரை பலகை முறைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் ஒரு கட்டத்தில் கைக்குக் கீழே அது சட்டென்று இளகும், அப்பளம் பொரியும் முன் நெகிழ்வது மாதிரி. அந்த நாலைந்து நொடிக்குள் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுதான், அதற்குமேல் ஆசைப்பட்டால் போச்சு.

நான் ஆசைப்பட்டேன். முதல் பலகையை இரண்டரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக விட்டிருந்தேன், வலுவாக இருக்கட்டுமே என்று. இடுப்பு வளைவில்தான் அழுத்தம் அதிகம், அங்கே ஒரு கிளைக் கணு இருந்த இடத்தில் நார் குறுக்கே ஓடியிருந்ததைக் கவனிக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சத்தம் கேட்டு என் மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், அதுதான் அதிகமாக வலித்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு மேல் எட்டி, "என்ன தம்பி, பலாக்கொட்டை சுடுறீங்களா, வாசனை வருது?" என்றார். அடுத்த பலகையை 2 மி.மீ.க்கு இறக்கி, வெளிப்பக்கம் மெல்லிய தகட்டைத் தாங்கலாகக் கட்டி வளைத்தேன். நின்றது.

பள்ளிக்கூடப் பெண் ஒருவர் உங்கள் கணக்கைத் திருத்தினாராமே?

திருத்தினார், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. படிவம் 4 படிக்கிறார், சனிக்கிழமைகளில் உதவிக்கு வருகிறார்.

விரல்பலகையில் குறுக்கே கம்பிகள் இருக்கிறதே, ஃபிரெட் என்பது, வீணையில் மெட்டு என்போம், அவற்றுக்கு நடுவே உள்ள தூரம் போகப் போகக் குறையும். நரம்பின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் வரும். மீதி நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. நம்முடையது 648 மி.மீ., அதனால் முதல் இடைவெளி 36.37, இரண்டாவது 34.33, இப்படியே போய் 12ஆவது ஃபிரெட் சரியாகப் பாதியில், 324இல் விழும். அங்கே அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். அந்தப் பெண் பார்த்ததுமே, "அங்கிள், இது பெருக்குத் தொடர், கூடுதல் கணிதத்துல இருக்கு" என்றார்.

நான் செய்த தப்பு என்னவென்றால், ஒவ்வொரு கோட்டையும் முந்திய கோட்டிலிருந்து அளந்து போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றிலும் பென்சில் நுனி அளவு பிசகினாலும் 12க்கு வரும்போது எல்லாம் சேர்ந்துவிடும். போய் அளந்தால் 325க்கு நெருக்கமாக நிற்கிறது. அவர் சாதாரணமாகக் கேட்டார், "எல்லாத்தையும் மேலேருந்தே அளந்தா பிசகு சேராது இல்ல?" ஆலையில் இருபத்தேழு வருடம் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ரம்பம் படும் முன் சொன்னாரே, அதுவரை புண்ணியம். கோட்டை எல்லாம் இழைத்து அழித்துவிட்டு, நட்டிலிருந்து, அதாவது மேல்நுனியில் நரம்பு உட்காரும் துண்டிலிருந்து, ஒரே கூட்டுத்தொகையாகக் கணக்குப் போட்டு, அவரையே குறிக்கச் சொன்னேன்.

கோவில் மிருதங்கக்காரப் பெரியவர் எதற்கு வந்தார்?

தட்டிப் பார்க்க. முகப்பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவத்தில் இரண்டு சட்டங்கள் குறுக்கே போகும், அமெரிக்காவில் மார்ட்டின் கிட்டார்காரர்கள் 1840களிலேயே பிடித்துக்கொண்ட முறை. இன்றைக்கும் கம்பி நரம்புக் கிட்டார்களில் பெரும்பாலும் அதுதான். சட்டம் தடிமனாக இருந்தால் பலகை ஊமையாகிவிடும். மெலிந்துவிட்டால் நரம்பு இழுக்கிற இழுப்பில் வயிறு தள்ளும். நடுவில் எங்கேயோ நிறுத்த வேண்டும், அது எங்கே என்று அளவுகோல் சொல்லாது.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, இன்னொரு கையின் நடுவிரல் கணுவால் தட்டினார். "டொப்புன்னு நிக்குது, இன்னும் ஓடல." உளியால் சட்டத்தின் நுனியில் இரண்டு சுருள் எடுத்தேன். மறுபடி தட்டினார். தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு சுருள். இப்படியே ஒரு மணி நேரம் இருக்கும். கடைசியில் தட்டியபோது எனக்கே கேட்டது, தட்டு நின்ற பிறகும் பலகை ஒரு மூச்சு நேரம் பேசியது. "இதோட விடு, தம்பி. இனிமே எடுத்தா உன் ஆசைக்கு எடுக்கிறதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைத் தேடினார். அவர் வாழ்க்கையில் கிட்டார் தொட்டதில்லை.

பாலிஷ் என்ன? வார்னிஷா?

அரக்கு. ஆமாம், பாண்டவர்களுக்கு மாளிகை கட்டிக் கொடுத்தார்களே, அதே அரக்கு. செதில் செதிலாக வரும், ஸ்பிரிட்டில் கரைத்து, துணி உருண்டையில் நனைத்து, வட்ட வட்டமாகத் தேய்த்து ஏற்ற வேண்டும். நூறு தடவைக்கு மேல் தேய்த்தாலும் முடி அளவு கனம்தான் ஏறும், அதனால்தான் பலகையின் வாயை அடைக்காது. தொல்லை என்னவென்றால் மழைக்காலம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உடனே பால் கொட்டியது மாதிரி வெள்ளையாகப் பூக்கும். அக்டோபர் சாயங்காலம் ஒன்றில் முதுகு முழுக்க அப்படி ஆகிவிட்டது. வெயில் வந்த நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும், போனது. ஆனால் அந்த இரவு நான் சாப்பிடவில்லை.

நட்டும் சேடிலும் மாட்டு எலும்பு என்று ஒருவர் சொன்னாரே?

நரம்பு உட்காரும் அந்த இரண்டு துண்டுகளையும் வழக்கமாக மாட்டு எலும்பில்தான் செய்வார்கள், ஒலிக்கு நல்லது, மலிவு. இந்தக் கிட்டாரில் எலும்பு இல்லை. ஏலம் நடப்பது கோவில் மண்டபம், அதனால் செயற்கைப் பொருளில் செய்தேன். வீணையில் பிரிட்ஜைக் குதிரை என்கிறோம், இங்கே அதன்மேல் இருக்கிற துண்டுக்குச் சேடில், அதாவது சேணம் என்று பெயர். குதிரைக்குச் சேணம் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கடையில் 400 வெள்ளிக்குக் கிட்டார் கிடைக்கிறது. ஏலம் ஏன் 1,500இல் தொடங்குகிறது?

வாங்கிக்கொள்ளுங்கள், தொடங்குகிறவருக்கு அது போதும். ஆனால் அதில் பெரும்பாலும் முதுகும் பக்கமும் ஒட்டுப்பலகையாக இருக்கும். இதில் எல்லாம் கட்டையிலிருந்து அறுத்தது. என் கைச்செலவு 740 வெள்ளி: முகப்பலகை 220, முறுக்காணி 140, அரக்கும் ஸ்பிரிட்டும் 90, கழுத்து மரம் 60, மீதி கம்பி, நரம்பு, பசை, உப்புத்தாள். அதை ஏலப் பணத்திலிருந்து கழிக்கப் போவதில்லை. கூலியைக் கணக்கில் சேர்த்தால் சிரிப்பீர்கள், பதினோரு மாதச் சனி ஞாயிறு.

பணம் யார் கணக்குக்குப் போகும்? வரி விலக்கு உண்டா?

என் கணக்குக்கு ஒரு சென் வராது. வேன் நடத்துகிற சங்கம் பதிவு பெற்றது, அதன் வங்கிக் கணக்கில் போடுகிறோம், எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஏலம் முடிந்த இரவே தொகையைப் பலகையில் எழுதி வைப்போம். வரி விலக்கு கிடையாது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான் அது கிடைக்கும், எங்கள் சங்கம் அந்த அளவுக்குப் போகவில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ரசீதைக் காட்டிச் சண்டை வேண்டாம்.

கையால் செய்தது என்றால் குறை இருக்குமே? நல்ல காரியம்தானே என்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?

மூடாதீர்கள். இதைத்தான் எல்லாரிடமும் சொல்ல ஆசை. தானத்துக்குச் செய்தது என்பதால் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்து யாரும் கையைத் தூக்கக் கூடாது. இரக்கப்பட்டு வாங்கினால் அது சுவரில் தொங்கும், அடுத்த வருடம் இன்னொன்று செய்தால் யாரும் வர மாட்டார்கள். அதனால் குறைகளை நானே சொல்லிவிடுகிறேன். முதுகின் இடப்பக்கம் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது, மரத்தின் பிறவிக் குணம், ஒலிக்குக் கெடுதல் இல்லை. கழுத்து சேரும் இடத்தில் அரக்கு ஒரு விரல் அகலத்துக்கு மற்ற இடம் மாதிரி வழவழப்பாக இல்லை. துவாரத்தைச் சுற்றிச் சிரட்டைத் துண்டுகள் பதித்திருக்கிறேன், அந்தக் காலத்தில் பால் பிடித்த சிரட்டை ஞாபகத்தில். அதில் ஒரு துண்டு சற்று இறங்கி உட்கார்ந்திருக்கிறது, விரலால் தடவினால் தெரியும். இவ்வளவுதான். சுருதியில் குறை கண்டுபிடித்தால் ஏலத்துக்கு முன்பே சொல்லுங்கள், சரிசெய்கிறேன். எடுத்த பிறகு இரண்டு வருடத்துக்குள் பிரிட்ஜ் கழன்றாலோ கழுத்து வளைந்தாலோ என் செலவு.

எடுத்துவிட்டால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மத்தியானம் காருக்குள் விடாதீர்கள். முதல் விதி, கடைசி விதி. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கிற காரின் சூட்டில் மரப்பசை இளகும், 70 கிலோ இழுப்பு அதற்காகவே காத்திருக்கிறது.

அடுத்தது ஈரம். நம் ஊர்க் காற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கும். ஆனால் நான் பலகை ஒட்டிய சின்ன அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்து 48க்குக் கொண்டுவந்து ஒட்டினேன். ஈரக்காற்றில் உப்பிய பலகையை அப்படியே ஒட்டிவிட்டால், பின்னால் குளிர்சாதன அறைக்குப் போகும்போது சுருங்க இடமில்லாமல் பிளந்துவிடும். பெட்டியில் ஒரு சிலிக்கா பொட்டலம் போடுங்கள். மெல்பர்னில் படிக்கிற மகனுக்கு அனுப்புவதாக இருந்தால் நேர்மாறு, அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறை காய்ந்துவிடும், பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் மரத்தால் சிக்கல் வருமா?

சிக்கல் வந்தது ரோஸ்வுட்டால்தான். 2017 ஜனவரியில் அந்த இனம் முழுதையும் சிட்டெஸ் (அருகிவரும் செடி, விலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்து, கிட்டார்க்காரர்கள் எல்லாம் தாள் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்குத் தளர்த்தினார்கள். இதில் ரோஸ்வுட்டே இல்லை. ஐந்து மரத்தின் பெயரையும் எழுதி ஒரு தாள் கூடவே தருகிறேன்.

நான் இடது கைக்காரன். நரம்பை மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். உள்ளே சட்டங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, சேடிலும் தடித்த நரம்புப் பக்கம் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சாய்வாக இருக்கிறது. மாற்றினால் சுருதி சேராது.

கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியுமா?

ஆர். பிரசன்னா கிட்டாரில் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வந்து கேளுங்கள்.

ஏலத்துக்கு முன் வாசித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. சனிக்கிழமை 4 மணிக்கு மேல் வாருங்கள், ஆறு மணிக்குப் பூட்டிவிடுவேன். பெல்ட் கொக்கியைக் கழற்றி வைக்க வேண்டும், அரக்கு கீறல் தாங்காது. கை கழுவக் குழாய் வாசலிலேயே இருக்கிறது, பலாப்பழம் தின்ற கையோடு வந்த ஆளும் உண்டு. வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பெண் இருப்பார், அவர் மூன்று கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) கற்றுக்கொண்டுவிட்டார், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தே நான் போடுகிறேன், ரொட்டி மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.